கேஸ் என்று நினைத்த ஏழு மணி நேரம்

போன மாதம், முன்பு என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் போன் செய்தார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் இறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அக்காவுக்கு மத்தியானத்திலிருந்து நெஞ்சைப் பிசைகிறதாம். "அழுது அழுது சாப்பிடாம கெடந்ததுல கேஸ் ஏறியிருக்கும் டீச்சர், ஓமத் தண்ணி வச்சுக் குடுத்திருக்கோம்" என்றார். நான் போனிலேயே கத்திவிட்டேன். பயந்துபோய் ஆட்டோவில் அழைத்துப் போய் ஈசிஜி எடுத்தார்கள். நல்ல வேளை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. கத்தியதற்கு மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கேட்கும்போதுதான் உறைத்தது: 2021 மே மாதம் நானும் அதே ஓமத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஏழு மணி நேரம் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதே இல்லை. அன்று எனக்கு யாராவது இப்படிக் கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 54 வயது. மதுரை செல்லூரில் சொந்த வீடு. வீட்டுக்காரர் 2014-லேயே போய்விட்டார். தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் தமிழ் டீச்சர். கொரோனா வந்ததும் பாதிச் சம்பளம்தான், 16 ஆயிரம் 8 ஆயிரமானது. ஒரே மகள் சென்னையில், அப்போது ஆறு மாதம் கர்ப்பம். இரண்டு தெரு தள்ளி என் தம்பி குடும்பம். என்னைவிட ஐந்து வயது சின்னவன். எனக்கு சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, தினமும் மாடியில் நடப்பேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. "நமக்கெல்லாம் ஹார்ட் பிரச்சினை எங்கே வரப்போகிறது" என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

மே 7, புதிய அரசு பதவியேற்ற அன்று, தம்பிக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. மூன்று நாள் கழித்து முழு ஊரடங்கு. 12-ஆம் தேதி காலையில் அவனுக்கு ஆக்ஸிஜன் 86. அவன் மனைவிக்கும் மகனுக்கும் பாசிட்டிவ், வீட்டை விட்டு வெளியே வர முடியாது. ஓட வேண்டியவள் நான் ஒருத்திதான். நான்கு ஆஸ்பத்திரி வாசலில் படுக்கை இல்லை என்றார்கள். ஒன்பது மணி நேரம் ஆம்புலன்ஸிலேயே சுற்றினோம். கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு லட்சம் முன்பணம் கட்டிச் சேர்த்தேன். அப்போது கொரோனாவுக்குப் போட்டுக்கொண்டிருந்த ரெம்டெசிவிர் என்ற ஊசி மருந்தைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். மூன்று நாள் வரிசையில் நின்றும் கிடைக்காமல், யாரோ சொன்ன ஆளிடம் இரண்டு குப்பியை 36 ஆயிரம் கொடுத்து வாங்கினேன். அதற்காகத்தான் சங்கிலியை அடகு வைத்தேன். அந்த மருந்தைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்ததாம். இது எனக்குத் தெரிய வந்தது பல மாதம் கழித்து. தெரிந்திருந்தால் மட்டும் வாங்காமல் இருந்திருப்பேனா என்றால், சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. 19-ஆம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு போன் வந்தது. அவனுக்கென்று மொத்தம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் செலவானது. அந்தக் கணக்கை எழுதி வைத்த நோட்டு இன்னும் இருக்கிறது.

செல்லூரிலிருந்து தத்தனேரி சுடுகாடு நடக்கிற தூரம். அங்கேதான் கொண்டு வந்தார்கள். உறையில் சுற்றியிருந்தது, முகத்தைப் பார்க்க முடியவில்லை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் வீட்டில் ஒரு சாவு என்றால் தெருவே வந்து உட்காரும், பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், மூன்று நாளைக்கு யார் வீட்டிலிருந்தாவது சோறு வரும். அன்று நான் ஒருத்தி, தள்ளி நின்ற இரண்டு பணியாளர்கள், அவ்வளவுதான். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு வாட்ஸ்அப்பில் பாடக் குறிப்பு அனுப்பினேன். அதை இன்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அன்று அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய பன்னிரண்டு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் தூங்கவில்லை. சாப்பாடு டீயும் பன்னும்தான். சாயந்திரமானால் டிவியில் வரும் எண்ணிக்கைக்காகக் காத்திருப்பேன். அன்றைக்குத் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. துக்கம் விசாரிக்க யாராலும் வர முடியவில்லை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் போனில் கூப்பிட்டவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எந்த ஆஸ்பத்திரி? ஏன் பெரியாஸ்பத்திரிக்குப் போகல?" ஒவ்வொரு முறையும் நான் ஒன்பது மணி நேர ஆம்புலன்ஸ் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வேன். சொல்லச் சொல்ல, நான்தான் தப்பான இடத்தில் சேர்த்துவிட்டேன் என்று எனக்கே உறுதியாகிவிட்டது. இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இழவு விசாரிக்கும்போது வைத்தியத்தை விசாரிக்காதீர்கள். "சாப்பிட்டியா, யாரு கூட இருக்கா" என்று கேளுங்கள், போதும்.

மே 22 சனிக்கிழமை. அடுத்த திங்கள் முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்பதால் அந்த சனி, ஞாயிறு மட்டும் கடைகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். தெருவே திருவிழா மாதிரி இருந்தது. நானும் அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு வந்து பையை இறக்கி வைத்தேன். சாயந்திரம் ஆறரை இருக்கும். போன் அடித்தது. திரையில் "தம்பி" என்று வந்தது.

அவன் போனுக்கு அவன் பூட்டுப் போடுவதே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த அவன் பொருட்களை வாங்கிக்கொண்டு போகச் சொல்வதற்காக அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் அந்த போனிலிருந்தே கூப்பிட்டிருக்கிறார். கடைசியாகப் பேசிய நம்பர் என்னுடையது. அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று வினாடி, எடுத்து "சொல்லுடா" என்று நான் சொன்னேனே, அந்த வினாடிகளில் அவன் உயிரோடுதான் இருந்தான். அப்புறம் ஒரு பெண் குரல் கேட்டது.

பத்து நிமிடத்தில் வலி ஆரம்பித்தது. நடு நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல. தாடை கனத்தது. நைட்டி நனைகிற அளவுக்கு வியர்வை, ஆனால் கை கால் சில்லென்று இருந்தது. மூச்சு முழுதாக இழுக்க வரவில்லை. முதலில் கொரோனா என்று நினைத்தேன். அப்போது எல்லார் வீட்டிலும் இருந்ததே, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், அதை மாட்டிப் பார்த்தேன். ஆக்ஸிஜன் 97. "சரி, ஒன்றும் இல்லை" என்று மூச்சு விட்டேன். அதே கருவியில் பக்கத்திலேயே நாடித்துடிப்பு 124 என்று காட்டியது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான். அந்தக் காலத்தில் ஆக்ஸிஜன் எண் ஒன்றே எங்களுக்கு வேதவாக்கு. 94-க்கு மேல் இருந்தால் உயிருக்கு ஆபத்து இல்லை என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கருவி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். இதயத் தசைக்கு என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மாரடைப்பு வந்தவருக்கும் 97 காட்டலாம்.

கொரோனா இல்லையென்றால் கேஸ். ஓமத் தண்ணீர் வைத்துக் குடித்தேன். ஈனோ குடித்தேன். முதுகைச் சுவரில் தேய்த்தேன். எட்டு மணிக்கு மகள் போன் செய்தபோது தூங்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன், பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக் கூடாது என்று. இரவு முழுக்க மனதில் ஓடியது ஒன்றுதான்: ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வார்டில் போடுவார்கள், தம்பி மாதிரி உறையில்தான் திரும்பி வருவேன். வலியைவிட அந்தப் பயம்தான் என்னை நாற்காலியோடு கட்டிப்போட்டது. என்னைப் போலப் பயந்து வீட்டிலேயே இருந்து எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ தெரியாது. இரவு ஒன்றரை மணிக்கு பாத்ரூம் போகும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பியைக் கதவைத் தட்டி எழுப்பினேன். 108-க்கு முதலில் அடித்திருக்க வேண்டும். வண்டியெல்லாம் கொரோனாவுக்கு ஓடுகிறது, எங்கே வரப்போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நெஞ்சில் அழுத்தம், கூடவே வியர்வை, தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல். இவை வந்து சில நிமிடத்தில் போகவில்லை என்றால், அது கேஸா மனக்கவலையா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு எழுத நமக்கு அருகதை இல்லை. ஈசிஜி எடுத்த பிறகு டாக்டர் சொல்லட்டும். அதுவும் பெண்களுக்கு வலி இல்லாமல் வெறும் அசதி, குமட்டல், மூச்சு வாங்குவது என்றுகூட வருமாம். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள். மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்பும் இதயம் காப்போம் திட்டம் 2023 முதல் இருக்கிறது. எனக்கு அன்று அது இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் ஆர்டிபிசிஆர் ரிப்போர்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். வாசலில் இருந்த காவலாளிதான், டாக்டர்கூட இல்லை. இரண்டாவது இடத்தில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் அளவைப் பார்த்தார்கள், இரண்டும் மாரடைப்பு என்றே சொன்னது. உடனே ஆஞ்சியோ, 50 ஆயிரம் கட்டுங்கள், கூட வந்தவர் யார் என்றார்கள். கூட வந்தவன் ஆட்டோக்காரன். கையெழுத்துப் போட சொந்தக்காரர் வேண்டுமாம். நடுராத்திரி இரண்டரை மணிக்கு மகளுக்கு வீடியோ கால் போட்டு, பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக் கூடாது என்று நான் மறைத்ததெல்லாம் ஒரே நிமிடத்தில் வீணாகி, அவள் அலறி, பணம் கட்டி, நான் படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். தனியாக இருப்பவர்கள் ஒரு காரியம் செய்து வையுங்கள். ஆதார், இன்சூரன்ஸ் அட்டை நகல், சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இரண்டு பேர் நம்பர், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். என் வீட்டில் இப்போது மாட்டியிருக்கிறது. எதிர்வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தார்கள். முடித்துவிட்டு பெரிய டாக்டர் சொன்னார், "ரத்தக்குழாய் எல்லாம் சுத்தமா இருக்கும்மா. அடைப்பே இல்ல. ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்தது நிம்மதி இல்லை, அவமானம். ஒன்றுமில்லாததற்கா நடுராத்திரியில் ஊரைக் கூட்டினேன், ஒன்றுமில்லாததற்கா மகளிடம் 50 ஆயிரம் வாங்கினேன் என்று. வலி அப்போதும் இருந்தது. ஆனால் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் வந்த ஒரு இளம் பெண் டாக்டர்தான் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "அம்மா, சமீபத்துல வீட்ல ஏதாவது நடந்துச்சா?" என்றார். அந்தக் கேள்வியை அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. தம்பி செத்த அன்று வராத அழுகை அந்த எக்கோ மேசையில் வந்தது. அவர் முகக்கவசத்தோடு பொறுமையாக நின்று, நான் முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். இதயத்தின் இடது கீழறை சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும். எனக்கு அதன் அடிப்பாகம் சுருங்காமல் பலூன் மாதிரி உப்பி நிற்கிறது, கழுத்துப் பக்கம் மட்டும் சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் 55 சதவீதத்துக்கு மேல் ரத்தம் வெளியேற வேண்டும், எனக்கு 35 தான். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் குறுகிய கழுத்துப் பானைக்கு தக்கோட்சுபோ என்று பெயராம். இதயம் அதே வடிவத்தில் இருப்பதால் 1990-இல் இதை முதலில் எழுதிய ஜப்பான் டாக்டர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். நமக்கு என்றால் சொம்பு என்று வைத்திருப்போம்.

பெரிய துக்கம், பயம், அதிர்ச்சி வரும்போது உடம்பு அட்ரினலின் போன்ற சுரப்புகளை வெள்ளமாக இறைக்கிறது. அதன் வேகம் தாங்காமல் இதயத் தசை கொஞ்ச காலத்துக்குத் திகைத்து நின்றுவிடுகிறது. ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது, ஆனால் தசை அடிபட்டிருப்பது நிஜம், ட்ரோபோனின் ஏறியதும் அதனால்தான். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழையபடி ஆகிவிடும். ஆனால் முதல் சில நாள் ஆபத்தானவை. துடிப்பு தாறுமாறாகலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம், சுருங்காத இடத்தில் ரத்தம் உறையலாம். "ஒண்ணுமில்லன்னு யாரும் சொன்னா நம்பாதீங்கம்மா. இது ஒண்ணு" என்றார் அந்தப் பெண். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிறகு மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் கிளினிக் டாக்டர்கள் 2020 மார்ச், ஏப்ரலில் மாரடைப்பு அறிகுறியோடு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்களாம். கொரோனாவுக்கு முன்பு அப்படி வருகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் இந்த நோய் இருந்திருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர். இந்த நோய் என்று கண்டுபிடிக்கப்பட்ட ஒருவருக்கும் கொரோனா இல்லை. கிருமி உள்ளே போகாமலே அந்தக் காலம் இவர்கள் இதயத்தை அடித்திருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழைய வகுப்பு நினைவு வந்தது. தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்த கணமே அரியணையிலிருந்து விழுந்து உயிர்விட்ட பாண்டியன் கதையை இதே மதுரையில் இருபத்தெட்டு வருஷம் நடத்தியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு பையனாவது எழுந்து, "அதெப்படி டீச்சர், அடிபடாம ஒருத்தர் பொசுக்குன்னு சாவாரு?" என்பான். கவிஞரின் கற்பனை என்று சொல்லி உட்கார வைப்பேன். பாண்டியனுக்கு என்ன நோய் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பையன்களை அவ்வளவு சுலபமாக உட்கார வைத்திருக்கக் கூடாது.

பணக் கதைக்கு வருகிறேன். ஐந்து நாள், மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். மகள் எடுத்துக் கொடுத்த மூன்று லட்சம் ரூபாய் இன்சூரன்ஸ் இருந்தது. அந்த ஆஸ்பத்திரி அவர்கள் பட்டியலில் இல்லாததால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டோம். இரண்டு மாதம் கழித்து மறுத்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? டிஸ்சார்ஜ் சம்மரியில் "நெஞ்சுவலி, பரிசோதனைக்காக அனுமதி, ஆஞ்சியோ இயல்பு" என்று எழுதியிருந்தார்கள். வெறும் பரிசோதனைக்காகப் படுத்தால் பணம் கிடையாது என்பது பாலிசியில் உள்ள விதி. பெரிய டாக்டர் சொன்ன "ஒண்ணுமில்ல" காகிதத்திலும் ஏறிவிட்டது! மகள் அந்த இளம் டாக்டரைப் பிடித்து, எக்கோ ரிப்போர்ட்டோடு ஸ்ட்ரெஸ் கார்டியோமயோபதி (தக்கோட்சுபோவின் இன்னொரு பெயர்) என்று நோயின் பெயரைத் தெளிவாக எழுதிய திருத்திய சம்மரி வாங்கி மறுபடி அனுப்பினாள். நாலாவது மாதம் 96 ஆயிரம் வந்தது. அதனால் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அந்தக் காகிதத்தைச் சுருட்டிப் பையில் போடாதீர்கள். நோயின் பெயர், எக்கோ எண், ட்ரோபோனின் அளவு, கொடுத்த சிகிச்சை எல்லாம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து படியுங்கள். அதற்குப் பிறகும் கம்பெனி மறுத்தால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்க இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு சென்னையில் அலுவலகம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. மறுத்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

ஆறு வாரத்தில் மறுபடி எக்கோ எடுத்தபோது 58. இதயம் சரியாகிவிட்டது. கதை இங்கே முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். உண்மையில் அதைவிட மோசமான பகுதி அப்போதுதான் தொடங்கியிருந்தது.

இரவு மூன்று மணிக்கு முழிப்பு வரும். இதயம் தொண்டையில் வந்து அடிக்கும், கை மரத்துப்போகும், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றும். அதே எதிர்வீட்டு ஆட்டோவில் மூன்று முறை ஓடினேன். மூன்று முறையும் ஈசிஜி இயல்பு, எக்கோ இயல்பு, கையில் 11 ஆயிரம் காலி. ஆக்ஸிமீட்டரை ஒரு நாளைக்கு நாற்பது முறை மாட்டியிருப்பேன். போன் மணி அடித்தால் உடம்பு தூக்கிவாரிப் போடும், அதனால் சத்தத்தை அணைத்து வைத்தேன், அப்புறம் யாரோடும் பேச்சே இல்லாமல் போனது. டாக்டர் கொடுத்த இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை, எக்கோதான் சரியாகிவிட்டதே என்று நானாகவே நிறுத்தினேன். இரண்டே நாளில் படபடப்பு இரட்டிப்பானது. அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தூக்கம் வரவில்லை என்று தெரிந்த மருந்துக் கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கினேன். இரண்டு மாதத்தில் அது இல்லாமல் கண் மூடாது என்ற நிலை. அதிலிருந்து வெளியே வர மூன்று மாதம் ஆனது.

ஆகஸ்டில் பேரன் பிறந்தான். வீடியோவில் காட்டினார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு, சிரிக்க வேண்டும் என்று நினைவுபடுத்திக்கொண்டு சிரித்தேன். மகளுக்கு அது தெரிந்துவிட்டது. "அம்மா, உனக்கு ஹார்ட் சரியாயிருச்சு. நீ இன்னும் சரியாகல" என்றாள். இதய டாக்டரும் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். ஒரு மாதம் இழுத்தடித்தேன். வெட்கத்தைவிட எனக்கு வேறு ஒரு பிடிவாதம் இருந்தது. மாத்திரை போட்டு மனது லேசானால் தம்பியை மறந்துவிட்டேன் என்று ஆகிவிடாதா? இப்படி ஒரு காரணம் சொல்லி யாராவது மருத்துவரிடம் போகாமல் இருப்பார்களா என்று கேட்காதீர்கள். இருந்தேன்.

கடைசியில் போனது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு. செலவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான், கொரோனாவில் யாரையோ கொடுத்தவர்கள். அங்கே பைத்தியம் என்று யாரும் இல்லை, தூங்காதவர்கள்தான் இருந்தார்கள். அந்த டாக்டர் முதலில் கேட்டது என் ஈசிஜியை. மனச்சோர்வு மாத்திரைகளில் சில இதயத் துடிப்பின் தாளத்தைத் தொடுமாம், அதனால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் இதய டாக்டரின் சீட்டை மனநல டாக்டரிடமும், அவர் சீட்டை இவரிடமும் கட்டாயம் காட்டுங்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் குமட்டலும் தலைவலியும்தான். பலன் தெரிய மூன்று வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னதால் தாங்கினேன். சொல்லாமல் விட்டிருந்தால் நாலாவது நாளே தூக்கிப் போட்டிருப்பேன். அந்த மூன்று மணிப் படபடப்புக்கு பேனிக் அட்டாக் என்று பெயர், பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் என்று விளக்கினார். ஆனால், "ஏற்கனவே ஹார்ட்ல வந்தவங்க நீங்க. வழக்கத்துக்கு மாறா வந்தா யோசிக்காம போய் ஈசிஜி எடுங்க. இது இதயமா மனசான்னு கண்டுபிடிக்கிறது எங்க வேலை, உங்க வேலை இல்ல" என்றார். அந்தப் பொறுப்பை என் தலையிலிருந்து இறக்கி வைத்ததே பாதி வைத்தியம்.

கொரோனாவின் முதல் வருஷத்தில் உலகம் முழுக்க மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் பிறகு சொன்னது. அப்போது எனக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாது, நான் ஒருத்திதான் இப்படி உடைந்து கிடக்கிறேன் என்று நினைத்தேன். 104-க்கு அடித்தால் ஆலோசனை கிடைக்கும் என்றுகூட வரிசையில் நின்ற ஒரு அம்மா சொல்லித்தான் தெரியும். இப்போது மனநல ஆலோசனைக்கென்றே 14416 என்ற டெலிமானஸ் எண்ணும் இருக்கிறது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை ஒன்பது மாதம் சாப்பிட்டேன், டாக்டர் சொல்லித்தான் குறைத்தேன். இன்னொன்றும் உதவியது. 2022 மே மாதம் தம்பியின் முதல் திதிக்கு, அன்று நடக்காத எல்லாவற்றையும் நடத்தினோம். பந்தல் போட்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, அவன் மனைவியும் நானும் கட்டிப்பிடித்து அழுது தீர்த்தோம். ஒரு வருஷம் தள்ளி ஒப்பாரி வைக்கிறார்களே என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் சரி. சிலருக்கு இந்த இதய நோய் மறுபடி வரலாம் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை எக்கோ எடுக்கிறேன், இதுவரை சரியாக இருக்கிறது. சங்கிலியை இன்னும் மீட்கவில்லை.

தம்பியின் நம்பரை இப்போது அவன் மகன் வைத்திருக்கிறான், காலேஜில் படிக்கிறான். "பேரை மாத்துங்க அத்தை, பாக்குறப்பல்லாம் உங்களுக்கு ஒரு மாதிரி ஆகுதுல்ல" என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். மாற்றவில்லை. அது அடித்தால் இரண்டு மணி விட்டு, ஒரு மூச்சு நன்றாக இழுத்து விட்டு, மூன்றாவது மணியில் எடுப்பேன். "ஏன் அத்தை இவ்ளோ நேரம்?" என்பான் ஒவ்வொரு முறையும்.